வேலனுக்குப் பின்னால் ஒரு ட்

1

என் மகள் ஆதிரையின் முதலாவது பிறந்தநாளுக்கு வந்தவர்கள்: என் மனைவி யாழினி பக்கத்தில் அவளுடைய அப்பா துரைசிங்கம், அம்மா, தம்பி; என் பக்கத்தில், கனடாவுக்கு வந்த புதிதில் வோபர்னில் நான் அறை எடுத்து இருந்த வீட்டுக்கார அன்ரியும், வேலையிடத்து நண்பர்கள் இருவரின் குடும்பங்களும். வந்திருக்க வேண்டியவர்களில் வராதவர் ஒரே ஒருவர். ஊரில் இருந்த என் தகப்பன், ஐயா.

மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்புறம் இருந்த சின்ன மண்டபம் அது. பிள்ளைக்கு முன்னால் கேக்கை வைத்தபோது அதில் எழுதியிருந்ததை மாமா கண்ணாடியை உயர்த்திப் படித்தார். ஆதிரை வேலண்ட் என்று ஆங்கிலத்தில் நீல நிறத்தில் எழுதியிருந்தார்கள்.

"மருமோன், பேத்தியை வெள்ளைக்காரனுக்குத் தத்துக் குடுத்திட்டியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாழினி மட்டும் மெழுகுதிரியைக் கொளுத்துவதில் கவனமாக இருந்தாள்.

ஐயா வராததற்குக் காரணம் அந்தக் கேக்கில் இருந்த பெயர்தான். அது மாமாவுக்கும் தெரியாது, அன்ரிக்கும் தெரியாது. யாழினிக்கும் எனக்கும் தெரியும். ஊரில் ஐயாவுக்கும் தெரியும்.

ஐயாவின் இடது கண் முன்பே போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற வருத்தம். ஆதிரை பிறந்த மாதம், வலது கண்ணும் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண் இருக்கும்போதே ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டது. அதற்கு முன்பு அவர் எதையும் கேட்டதில்லை.

போனில் பார்க்கலாம்தானே என்பீர்கள். திரையின் வெளிச்சம் அவருக்குக் கூசும். பிள்ளையின் நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது. "துண்டு துண்டாத் தெரியுது மோனை, பொருத்திப் பாக்க ஏலாமக் கிடக்கு" என்பார்.

2

ஊரில் இருக்கும்வரை எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பதிவு இடாப்பில் நான் வே. சுதாகரன். அந்த 'வே'க்குள் ஐயா இருந்தார். எங்கள் குடும்பத்தில் இடாப்பில் ஏறிய முதல் பெயர் என்னுடையது. அக்கா நாலாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்வார்கள். உண்மையில் மதியச் சாப்பாட்டுக்காக அவள் போய்வந்தாள், பெயர் பதியவில்லை. ஐயா கிணறு வெட்டுகிறவர். வடமராட்சியில் சுண்ணாம்புக் கல்லை உடைத்து இறங்கிய அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

கனடாவுக்கு வந்ததும் அந்த முதலெழுத்தை விரித்துப் பின்னால் போடு என்றார்கள். சுதாகரன் வேலன். வங்கியிலும் வைத்தியரிடத்திலும் என்னை "மிஸ்டர் வேலன்" என்று கூப்பிட்டபோது ஆரம்பத்தில் நான் எழும்பவே மாட்டேன். ஐயாவைக் கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவேன்.

பெயரை மாற்றியதற்கு வேலை தேடியதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் சரக்குப் போக்குவரத்து படித்து முடித்த பிறகு விண்ணப்பித்த இடங்களில் இருந்து பதில் வரவில்லை என்பது உண்மை. வெள்ளைக்காரன் வாயில் எங்கள் பெயர் நுழைவதில்லை என்று நானும் நாலு பேரைப் போலப் பேசிக்கொண்டு திரிந்தேன். ஆனால் வேலன் என்பது நாலு எழுத்துக்கூட இல்லாத பெயர். அது எந்த வாயிலும் நுழையும்.

மாற்றியது வேறு ஒருவருக்காக. இங்கே ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டு விழாவில், மண்டபத்தில், என் மேசையில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து இருந்தார். நல்ல மனிதர். நான் படித்ததைக் கேட்டார். தன்னுடைய மச்சானின் கம்பனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். கார்ட் தருவதற்காகக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி கேட்டார்:

"தம்பி, உங்கட லாஸ்ட் நேம்?"

"வேலன்."

"வேலாயுதமோ, வேலுப்பிள்ளையோ?"

"வேலன்தான் அண்ணை."

"இஞ்ச வந்து சுருக்கிப் போட்டியளாக்கும்."

"இல்லை அண்ணை. முழுப்பேரே அதுதான்."

"ஓ," என்றார். "எந்தப் பக்கம் எண்டு சொன்னீங்கள்?"

சொன்னேன். பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்து கரண்டியை எடுத்தது. பிறகு அவர் மழையைப் பற்றிப் பேசினார். எழும்பும்போது தோளில் தட்டி, "வடிவாச் சாப்பிட்டனியே?" என்றார். அரை மணித்தியாலமாக என்னை 'நீங்கள்' என்றவர்.

எங்கள் பகுதியில் பழைய பெயர்களின் முடிவைப் பார்த்தே ஆளை அளப்பார்கள். பிள்ளை, ஆயுதம், அம்பலம் எல்லாம் சிலருடைய பிள்ளைகளுக்குத்தான். எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குப் பதிவுகாரர் 'ன்' போட்டு நிறுத்தினார். கந்தன், வேலன், பொன்னன். அதற்கு மேலே கேட்டால் பேனையை வைத்துவிடுவார். எட்டாயிரம் மைல் தாண்டி வந்தும் அந்த 'ன்' என்னோடு வந்துவிட்டது என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நினைத்தேன். ஐயாவைப் பற்றி நான் வெட்கப்பட்டது அந்த ஒரு பஸ் பயணத்தில்தான். ஆனால் அது போதுமாக இருந்தது.

3

வேலாயுதம் என்று மாற்றியிருக்கலாம். அது களவு போல இருந்தது. அதோடு, கேட்பவர்கள் "எந்த வேலாயுதம்?" என்று அடுத்த கேள்விக்குப் போவார்கள். கேள்வியே எழாத ஒரு பெயர் வேண்டும். ஆனால் ஐயாவும் அதற்குள் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர ஆசைப்பட்டேன்.

ஸ்காபரோ நூலகத்தில் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுக்கென்றே தடித்த அகராதிகள் உண்டு. எங்களுக்கு வீட்டில் ஒரு புத்தகம்கூட இருந்ததில்லை. இவர்களுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே அலுமாரி நிறையப் புத்தகம். மூன்று சனிக்கிழமை அங்கே இருந்தேன். ரொட்டி சுட்டவன், துணி தைத்தவன், ஆற்றங்கரையில் இருந்தவன், நெட்டையன், சிவந்த தலையன். எல்லாம் அன்றாடங்காய்ச்சிகளின் பெயர்கள். வரி எழுத வந்தவன் ஆளை அடையாளம் காண எதைச் சொல்லி எழுதினானோ, அதுவே பல நூறு வருடங்களாக நிற்கிறது. ரொட்டி சுட்டவனின் வழியில் வந்தவன் இன்று வங்கிக்குத் தலைவனாக இருக்கிறான். அவன் பெயரைக் கேட்டு யாரும் கையைப் பைக்குள் இருந்து வெறுமனே எடுப்பதில்லை.

டபிள்யூவில் வரும் பக்கத்தில் அது இருந்தது. வேலண்ட். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வேலனுக்குப் பின்னால் ஒரு ட். வேறொன்றும் இல்லை. ஐயா அப்படியே இருக்கிறார், கதவை மட்டும் சாத்தியிருக்கிறார்.

பொருளுக்கு அகராதிகள் ஒத்துப்போகவில்லை. பழங்கதையில் வரும் ஒரு கொல்லனின் பெயர் என்றது ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'வழி'யும் 'நிலமு'ம் சேர்ந்தது, பாதையோரத்து நிலத்தில் குடியிருந்தவன் என்றது இன்னொன்று. அபூர்வமான பெயர் என்று இரண்டும் சொல்லின. நான் நிலத்தை எடுத்துக்கொண்டேன். பாதையோரத்துக் காணிக்காரன். ஐயாவுக்கு நல்லாய்ப் பொருந்தும் என்று நினைத்தேன், ஐயாவிடம் கேட்காமல்.

படிவம் நிரப்பினேன். என்னைத் தெரிந்தவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது, அன்ரி வைத்தார். மாகாண அரசின் வர்த்தமானியில் பழைய பெயரும் புதிய பெயரும் அச்சாயின. முதல் மாதத்திலேயே ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. பெயரால் கிடைத்ததா என்று தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

யாழினியைக் கல்யாணம் செய்தபோது அவள் அந்தப் பெயரை எடுக்கவில்லை. அவள் மூன்று வயதில் இங்கே வந்தவள்.

"நான் துரைசிங்கமாவே இருக்கிறன் சுதா. டென்டிஸ்ட் என்னைக் கூப்பிட மூச்சு வாங்குவார், பட் அது அவற்ற ப்ராப்ளம். நீங்கள் ஏன் உங்கட அப்பாவை டிஸ்கைஸ் பண்ணி வைச்சிருக்கிறீங்கள்?"

"மாத்தேல்லை. ஒரு எழுத்துத்தான் கூட."

"ஒரு எழுத்தா? இங்கிலீஷில எழுதிப் பாருங்கோ. ஃபர்ஸ்ட் லெட்டரே வேற, வி இல்லை, டபிள்யூ."

அவள் சொன்னது அப்போது காதில் ஏறவில்லை. தமிழுக்கு வ ஒன்றுதான். என் காதுக்கும் ஒன்றுதான்.

4

வேலையிடத்தில் நான் வாகனங்களை அனுப்பும் பகுதியில் இருக்கிறேன். ஒருநாள் பீற்றர்பரோ பக்கத்தில் இருந்து ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்தார். பொருள் பிந்திவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டு, என் பெயரைச் சொன்னதும் அவர் அதை இன்னொருமுறை கேட்டார். பிறகு, எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

தானும் ஒரு வேலண்ட் என்றார். குரலே மாறிவிட்டது. பொருளை மறந்துபோனார். நாங்கள் மிகக் குறைவான ஆட்கள், எங்கே ஒருவரைக் கேள்விப்பட்டாலும் குறித்து வைக்கிறேன், ஒன்ராறியோவில் எனக்குத் தெரியாத வேலண்ட் இருப்பார் என்று நினைக்கவில்லை என்றார். தன்னுடைய பாட்டனாரின் பாட்டனார் கப்பலில் வந்தவராம். பிறகு மிகுந்த பிரியத்தோடு கேட்டார்: நீங்கள் எந்த வேலண்டுகள்? எந்தப் பக்கம்?

கடல் தாண்டி, மொழி தாண்டி, பெயர் தாண்டிப் போயும் அதே கேள்வி வாசலில் நின்றது. ஆனால் இவர் கேட்டது என்னைத் தள்ளிவைக்க அல்ல, சேர்த்துக்கொள்ள. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

தகப்பன் வழி என்றேன். பொய் இல்லை. உச்சரிப்பைக் கேட்டு அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சரி, பொருள் எப்போது வரும் என்று கேட்டார். கோபம் இல்லை. ஏதோ பழைய உறவுக்காரன் என்று ஓடிவந்து, அருகில் வந்ததும் வேறு ஆள் என்று தெரிந்தவரின் குரல்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்து நினைத்தேன். ஐயாவின் தகப்பன் பெயர் கந்தன். ஐயா க. வேலன். நான் வே. சுதாகரன். எங்கள் முறைப்படி என் மகள் சு. ஆதிரை. ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறைக்கு முதலெழுத்தாக இருந்துவிட்டு உதிர்ந்துபோகும். ஐயாவின் தகப்பனின் தகப்பன் பெயர் ஐயாவுக்கே தெரியாது. இந்த நாட்டுப் படிவம் ஒன்றுதான், தனக்கே தெரியாமல், வேலன் என்ற கிணறு வெட்டியின் பெயரை அவருடைய பேரப்பிள்ளைக்கும் அதன் பிள்ளைக்கும் கொடுக்க முன்வந்தது. பாதையோரத்தில் இருந்த யாரோ ஒருவனுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைத்திருக்கும். அகராதி போடும் அளவுக்கு அபூர்வமான பெயர் என்னிடம் முன்பே இருந்திருக்கிறது.

5

ஆதிரை பிறந்து இரண்டாவது கிழமையே ஐயாவுக்கு விசாவுக்குப் போட்டோம். என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் வேலன். அழைக்கும் மகன் வேலண்ட். இடையில் பெயர் மாற்றச் சான்றிதழை வைக்க வேண்டும். யாழினி அதை எடுத்து மேசையில் வைத்திருந்தாள்.

நான் வைக்கவில்லை. ஊரில் கடுதாசிகளை ஒரு ஏஜென்ட் பெடியன்தான் ஐயாவுக்கு வாசித்துக் காட்டுவான். மகன் உங்கள் பெயரை மாற்றிவிட்டார் என்று அவன் வாசிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தியக் கடுதாசி எழுதினேன்: இரண்டும் ஒரே பெயர், எழுத்துக்கூட்டலில் மட்டும் வித்தியாசம். எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுதும் கடுதாசி அது. ஒரே சிவராசாவை ஐந்து அதிகாரிகள் ஐந்து மாதிரி எழுதி வைத்த நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு அந்தக் கடுதாசி இல்லாமல் பல் பிடுங்கவும் முடியாது.

"உது ஸ்பெல்லிங் டிஃபரன்ஸ் இல்லை சுதா," என்றாள்.

"சொல்லிப் பாரும். வேலன். வேலண்ட்."

"ஒஃபிசர் சொல்லிப் பாக்க மாட்டார். வாசிப்பார்."

கைரேகை கொடுக்க ஐயா அக்காவோடு கொழும்புக்குப் போனார். அன்று பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். பஸ் நிலையத்துச் சத்தம். ஐயாவிடம் கொடுத்தாள்.

"மோனை, அந்தக் கவுண்டரில இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. மரியாதையாத்தான் கேட்டது. 'ஐயா, மகன்ர பேர் என்ன?' எண்டது. சுதாகரன் எண்டன். 'முழுப்பேர்?' எண்டது. வேலன் சுதாகரன் எண்டன். கடுதாசியைப் பாத்திட்டு, 'அப்பிடி ஒருத்தர் இதில இல்லையே ஐயா' எண்டது."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் சொன்னன், வடிவாப் பார் பிள்ளை, என்ர பேர் தானே அவனுக்கு முன்னால கிடக்கும் எண்டு. பின்னால நிண்ட சனம் சிரிச்சது. பிறகு அந்தப் பிள்ளை வாசிச்சுக் காட்டிச்சுது. வேலண்ட் எண்டால் என்ன மோனை?"

"உங்கட பேர்தான் ஐயா. ஒரு ட் மட்டும் கூடப் போட்டிருக்கு."

"என்ர பேருக்கு வால் வைச்சனியோ?"

சிரித்தார். அவர் சிரித்தது எனக்குத் துணிவைத் தந்தது. பொருளைச் சொன்னேன். "இங்கிலீசில அதுக்குப் பாதையோரத்துக் காணி எண்டு கருத்து ஐயா."



"பாதையோரம் சரி," என்றார். "காணி ஆரின்ர?"

நாங்கள் இருந்த நிலம் மற்றவர்களுடையது. பாதையை அகலமாக்கியபோது முதலில் பிடுங்கப்பட்டதும் எங்கள் கொட்டில்தான்.

"வேலன் எண்டு சொன்னால் உனக்கு அங்க ஏதும் கரைச்சலோ?"

"இல்லை ஐயா."

"கரைச்சல் எண்டால் சொல்லு. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். எனக்கும் கரைச்சலாத்தான் இருந்தது. நான் மாத்தேல்லை. எனக்கு எழுதத் தெரியாது, அதாலயாக்கும்."

ஏழு மாதத்தில் மறுப்பு வந்தது. அழைப்பவர் விண்ணப்பதாரரின் மகன் என்பது நிரூபிக்கப்படவில்லை. எழுத்துக்கூட்டல் வித்தியாசம் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. யாழினி வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். நான் முன்பே சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

6

பெயரைத் திருப்பி எடுப்பது, மாற்றியதைவிட வில்லங்கமாக இருந்தது. ஏன் மாற்றுகிறீர்கள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு இரவு யோசித்தேன். தகப்பனின் பெயர் என்பதால் என்று எழுதினேன். முதல்முறை அதே இடத்தில் உச்சரிக்க இலகுவானது என்று எழுதியிருந்தேன். பொலிஸ் சான்றிதழுக்குக் காத்திருந்து, படிவத்தில் ஒரு பெட்டியை விட்டுவிட்டதால் அது திரும்பிவந்து, மறுபடி அனுப்பினோம். பிள்ளைக்கும் தனியாக மாற்ற வேண்டும். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி, காப்புறுதி. புதிய கடவுச்சீட்டு வரும்வரை பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டவும் வழியில்லை. நடுவில்தான் அந்தப் பிறந்தநாள் வந்தது. காகிதங்கள் முடியவில்லை; மண்டபத்துப் பதிவில் நான் கொடுத்திருந்த பெயரைப் பார்த்து மண்டபக்காரர் கேக்கில் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது விண்ணப்பத்தில் எல்லாச் சான்றிதழையும் வைத்தேன். ஒரு பக்கத்தில் நடந்ததையும் எழுதினேன், ஒளிக்காமல். ஐயா தனியாக வர முடியாது என்று அக்காவுக்கும் சேர்த்துப் போட்டோம். இருவருக்கும் விசா வந்தது. முதல் மறுப்புக்கும் அதற்கும் இடையில் எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தின் ஆறாவது மாதத்தில் ஒருநாள் அக்கா சொன்னாள்: "ஐயா இண்டைக்கு லைட்டைப் போடச் சொல்லிக் கேட்டவர். மத்தியானம் பன்ரண்டு மணி."

பியர்சன் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளிருக்கு மாமா கொடுத்துவிட்ட ஜக்கெற்றை யாரோ அவருக்கு ஊரிலேயே போட்டுவிட்டிருந்தார்கள். அக்கா அருகில் நடந்து வந்தாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். கையை வைத்தே என்னைத் தெரிந்துகொண்டார். யாழினி ஆதிரையை இறக்கி அவருக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நிறுத்தினாள். பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"பிள்ளையை எங்க?" என்றார் ஐயா.

யாழினி பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் கைகள் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் காற்றில் நின்றன.

"ஆரைப் போல இருக்கிறாள்?"

"உங்களைப் போலத்தான் மாமா," என்றாள் யாழினி. "நெத்தி அப்பிடியே."

"கறுப்போ?"

"ஓம் மாமா. நல்ல வடிவு."

"முழுப்பேர் என்னெண்டு பதிஞ்சிருக்கு?"

"ஆதிரை வேலன்."

"அப்ப எனக்கு முந்தி என்ர பேர் வந்து சேந்திட்டுது." தலையை ஆட்டினார். அந்த இடத்தில் அவர் மகிழ்ந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. மகிழ்ந்தார் என்று எழுத ஆசை.

காரில் அவர் முன்னால் இருந்தார். நெடுஞ்சாலை முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்.

"பேரை மாத்தினது, திருப்பி மாத்தினது, விசா ரண்டு தரம். எல்லாத்துக்கும் எவ்வளவு மோனை முடிஞ்சது?"

யாழினி பின்னால் இருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காசை மட்டும் சொன்னேன்.

"மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டொலர் ஐயா."